இதெல்லாம் ஒரு கப்பலா

என்ன தம்பி அது, கப்பல் கதையா? அட்டையில பாய்மரம் போட்டிருக்கே, அதான் கேட்டேன். பின்னாடி என்ன, மண்டை ஓடா? பேயும் வருதா? சரி சரி, படிங்க, நான் ஒண்ணும் சொல்லல. கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பி வச்சுக்கிட்டுப் படிங்க, அவ்வளவுதான். இன்னிக்குக் கப்பல்ங்கிற பேரைக் கேட்டாலே எனக்குக் கொமட்டுது.

பஸ்ஸு ஒத்துக்காம இல்ல. காலையில நிஜமாவே ஒரு கப்பலைப் பாத்துட்டு வர்றேன். சென்னைக்கு வடக்கால ஒரு துறைமுகத்துல நிக்குது. என் மாப்பிள்ளை வேலை பாக்குற கப்பல். மாப்பிள்ளைன்னு வாயில வந்துடுச்சு பாருங்க, கருமம். என் பொண்ணும் அதுலதான் இருக்கா. என் வீட்டுக்காரியும் அவளைப் பாக்கன்னு அதுல ஏறிட்டா. நான் மட்டும் மணப்பாறைக்குத் திரும்பிக்கிட்டிருக்கேன். ச்சீ, என்ன நாத்தம், என்ன அழுக்கு. இன்னும் மூக்கை விட்டுப் போகல.

புத்தகத்தை மூடிட்டீங்களே. படிக்கலையா? சரி, அப்ப கேளுங்க. நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

எனக்குக் கப்பல் கதை பிடிக்காதுன்னு நினைச்சுடாதீங்க. என்னை விடக் கப்பல் கதை படிச்சவன் திருச்சி ஜில்லாவுலயே கிடையாது. கரண்ட் ஆபீஸ்ல முப்பது வருஷத்துக்கு மேல குப்பை கொட்டினேன். பொன்னுரங்கம்னு சொன்னா ஒருத்தனுக்கும் தெரியாது, கப்பல் கதைக்காரர்னு சொன்னாத்தான் தெரியும். எல்லாம் 'பேய்க்கலம்'னு ஒரு தொடர்கதையால வந்தது. நான் ஒன்பதாவது படிக்கிறப்ப ஒரு வாரப் பத்திரிகையில ஆரம்பிச்சாங்க. வியாழக்கிழமை வியாழக்கிழமை புத்தகக் கட்டு பஸ்ஸுல வந்து இறங்கும். கட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே நான் கடையில போய் நிப்பேன். கடைக்காரர் திட்டுவார். திட்டட்டுமே, நமக்கென்ன.

வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பின்னை எடுத்துப் பக்குவமாப் பிரிச்சுச் சேத்து வச்சு, கதை முடிஞ்சதும் பைண்டிங் பண்ணக் குடுத்தேன். அஞ்சு வால்யூம், சிவப்புக் காலிகோ அட்டை. பக்கத்துக்குப் பின்னால இருமல் மருந்து விளம்பரம் இருக்கும், பாதி ஜோக் இருக்கும். மீதி ஜோக் என்னாச்சுன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. அப்ப எல்லா வீட்டுலயும் இந்தப் பைத்தியம் உண்டு. ஆனா ஒரு வாரம் கூட விட்டுப் போகாம வச்சிருந்தவன் நான் ஒருத்தன்தான்.

கதை என்னங்கிறீங்களா? செங்கோடன்னு ஒரு சோழர் படைத் தலைவன். கடாரத்துக்குப் போற வழியில அவன் பேய்க்கலத்துல மாட்டிக்கிறான். பேய்க்கலம்னா உயிரோட ஒருத்தரும் இல்லாத கப்பல். பாய் தானா விரியும், துடுப்பு தானா அசையும். அமாவாசைக்கு அமாவாசை நீலவல்லின்னு ஒரு ராஜகுமாரி, கடல்ல செத்துப் போனவ, எந்திரிச்சு வந்து சுக்கான் பக்கத்துல உக்காருவா. பாறையில முட்டாம வழி சொல்லுவா. சும்மா சொல்ல மாட்டா. அவன் மனசுல இருக்கிற ஒரு முகத்தை எடுத்துக்குவா. இந்த அமாவாசைக்கு அம்மா முகம்னா அடுத்த அமாவாசைக்குத் தங்கச்சி முகம். கடைசியில ஒரு வழியா ஊர்க்கரைக்கு வந்து சேந்துடுறான். கரையில ஒரு பொண்ணு நின்னு கையாட்டுது. யாருன்னு இவனுக்குத் தெரியல. அதோட முற்றும் போட்டுட்டாங்க. பெத்த பொண்ணை அடையாளம் தெரியாம ஒருத்தன் நிப்பானான்னு எனக்கு ரொம்ப நாள் சோறு இறங்கல தம்பி. அதுதான் எழுத்து.

நிஜக் கடலையும் பாத்திருக்கேன், பாக்காம இல்ல. கல்யாணமான புதுசுல மரகதத்தைக் கூட்டிக்கிட்டு நாகப்பட்டினம் பக்கம் போனேன். போயிருக்கவே கூடாது. மீன் கவுச்சி, மண்ணெல்லாம் அசிங்கம், ஒரு அலை வந்து புதுச் செருப்புல ஒண்ணை இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. ஒரு படகுக்காரர் ஏறுங்க சார், ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னார். மரகதம் ஏறி உக்காந்துட்டா. நான் ஒரு காலைத் தூக்கிப் பலகையில வச்சேன், அது அப்படியே கீழே போயிட்டு மேல வந்துச்சு. நான் காலை எடுத்துட்டேன். பயமெல்லாம் இல்ல. பலகையில மீன் செதிள் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அதுல எப்படி மனுஷன் கால் வைக்கிறது? அவ மட்டும் போய்ச் சுத்திட்டு வந்தா. நான் கரையில ஒத்தைச் செருப்போட நின்னேன். அதுக்கப்புறம் கடல் பக்கமே தலை வச்சுப் படுக்கல.

பொண்ணு பிறந்தப்ப திரைச்செல்வின்னு பேர் வச்சேன், திரைன்னா அலை. மரகதம் அவங்க குலதெய்வம் பேரை வைக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னா, நான் விடல. சின்னதுல அந்தப் பொண்ணு என் மடியை விட்டு இறங்காது. சாயங்காலம் ஆனா வால்யூமைத் தூக்கிக்கிட்டு வந்துடும். கட்டிலைக் கவுத்துப் போட்டா அதுதான் கப்பல். நான் செங்கோடன், அவ நீலவல்லி. முடியை முன்னால விரிச்சுப் போட்டுக்கிட்டு வந்து, உன் மனசுல இருக்கிற முகத்தைக் குடுன்னு கேப்பா. நான் அவ அம்மா முகத்தை எடுத்துக்கன்னு சொல்லுவேன். அடுப்படியில இருந்து மரகதம் கரண்டியோட வருவா.

வளர்ந்தா, படிச்சா, திருச்சியில ஒரு மருந்துக் கம்பெனியில வேலைக்குப் போனா. வரன் ஒண்ணும் தகையல. இருபத்தெட்டு ஆயிடுச்சு. மரகதம் வெள்ளிக்கிழமை தவறாம விளக்குப் போட்டா. அப்பத்தான் தரகர் வந்து, முசிறியில ஒரு பையன் இருக்கான், குமரகுருன்னு பேரு, கப்பல்ல வேலைன்னார். கப்பல்னதும் எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஜாதகத்தைக் கூட நான் சரியாப் பாக்கல. வரச் சொல்லிட்டேன்.

வந்தான். எலும்புந்தோலுமா ஒருத்தன். நகத்துக்கண்ணுல எல்லாம் கறுப்பா எண்ணெய் அழுக்கு. பொண்ணு பாக்க வர்றவன் கையை நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வர மாட்டானா? சரி போகட்டும்னு என்ன பதவின்னு கேட்டேன். நாலாவது இன்ஜினியராம். முதலாவதும் இல்ல, ரெண்டாவதும் இல்ல. கப்பல்ல எங்க நிப்பீங்கன்னேன். அடியில, இன்ஜின் ரூம்லங்கிறான். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்கன்னேன். எங்களுக்கு அங்க ஃபேன் காத்துதாங்கன்னான். கடாரத்துப் பக்கம் போயிருக்கீங்களா, அந்த ஜலசந்தி எப்படி இருக்கும்னு கேட்டேன். பல தடவை போயிருக்கானாம். பாத்ததில்லையாம். அந்த நேரம் கீழ வேலையா இருந்துடுவானாம். சம்பளத்தைக் கேக்கல, சொத்தைக் கேக்கல, எல்லாரும் கேக்குற எதையும் நான் கேக்கல தம்பி. கடலைப் பத்தி ரெண்டு வார்த்தை கேட்டேன். அதுக்கு வக்கில்லை.

கடைசியா, சரி இதையாவது சொல்லட்டும்னு, கடல்ல பேய் பிசாசு ஏதாவது உண்டான்னேன். நல்லா யோசிச்சான். யோசிச்சுட்டுச் சொல்றான்:

"பேய் பாத்ததில்லைங்க. போன மாசம் நடுக்கடல்ல கக்கூஸ் லைன் அடைச்சுக்கிச்சு. அது என் பொறுப்பு. மொத்தப் பைப்பையும் கழட்டிக் கையை விட்டுத்தான் எடுத்தேன். அதை விடப் பயங்கரமா நான் எதையும் பாக்கலைங்க."

என் கையில வாழைக்காய் பஜ்ஜி இருக்கு தம்பி. பாதி கடிச்சது. அப்படியே தட்டுல வச்சுட்டேன். எங்க செங்கோடன் கக்கூஸ் போனதா அஞ்சு வால்யூம்ல ஒரு வரி கிடையாது. உள்ள அடுப்படியில இருந்து ஒரு சிரிப்பு கேட்டுச்சு. என் பொண்ணு. அடக்க முடியாம, மூச்சு வாங்கிச் சிரிக்கிறா. அவ அப்படிச் சிரிச்சுக் கேட்டு வருஷக்கணக்கா ஆச்சு. அவளுக்கும் இவனைப் பாத்து எளக்காரமாப் போச்சுன்னு எனக்கு நிம்மதி. அன்னிக்கே தரகரைக் கூப்பிட்டுத் தோது வராதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். சாக்கடை தோண்டுறவனுக்கா பொண்ணைக் குடுப்பாங்க?

மரகதம் அன்னியிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. பொய் சொல்லத் தெரியாத பையன், கிடைச்ச வரனைக் கெடுத்துட்டீங்கன்னு ஒரே பாட்டு. இவளுக்கு என்ன தெரியும்? 'பேய்க்கலம்' ஒரு பக்கம் படிச்சவ இல்ல.

அப்புறம் நானே தேடி ஒரு வரனைப் பிடிச்சேன். கரூர்ப் பையன், காலேஜ் வாத்தியார், சரித்திரம் சொல்லித் தர்றவன். அவங்க வீட்டுலயும் 'பேய்க்கலம்' பைண்டிங் இருக்கு. நாலாவது வால்யூம் மட்டும் இல்லையாம். நான் எடுத்து நீட்டினதும் அவன் கையில வாங்கின பதவிசைப் பாக்கணுமே. கண்ணு கலங்கிடுச்சு. நீலவல்லி நல்லவளா கெட்டவளான்னு ஆரம்பிச்சோம், வெளியில இருட்டினது கூடத் தெரியல. இவன்தான் மாப்பிள்ளைன்னு முடிவே பண்ணிட்டேன். அவங்க கிளம்பினப்புறம் பொண்ணைக் கூப்பிட்டு எப்படின்னு கேட்டேன். அவன் குடிக்காம வச்சுட்டுப் போன காபியை எடுத்துக்கிட்டே சொன்னா:

"அவரு என் மூஞ்சியைக் கூடப் பாக்கலப்பா. உங்களுக்குப் பிடிச்சிருந்தா நீங்க கட்டிக்குங்க."

அப்பன்கிட்ட பேசற பேச்சா இது? ஒரு மாசம் நானும் பேசல, அவளும் பேசல. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து என் எதிர்ல உக்காந்து, நான் முசிறிக்காரரைத்தான் கட்டிக்கப் போறேன், அவர்கிட்ட பேசிட்டேன், நீங்களே முன்ன நின்னு நடத்தி வச்சா எனக்குச் சந்தோஷம்னா. கோபமாச் சொல்லல. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நான் வால்யூமைப் பிரிச்சு வச்சுக்கிட்டேன். அவ கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

கல்யாணம் முசிறியில கோயில்ல நடந்துச்சு. தாரை வார்த்துக் குடுத்தது மரகதத்தோட அண்ணன். நான் போகலன்னு சொல்லக் கூடாது, போனேன். வாசல்ல செருப்புக் கிட்ட நின்னேன். அத்தனை ஜோடி கிடக்கு, பாத்துக்க ஒரு ஆள் வேணும்ல. கெட்டிமேளம் கேட்டுச்சு. போதும்னு கிளம்பி வந்துட்டேன்.

அதோட விட்டாளா? நல்ல வேலையை உதறிட்டு அவன் கூடக் கப்பலேறிட்டா. கட்டினவளைக் கூட்டிக்கிட்டுப் போகலாமாம், கம்பெனி விடுமாம். கடல்ல இருந்து ஃபோன் கிடைக்கிறப்ப அம்மாவுக்குப் பேசுவா. மரகதத்துக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கர்ல போட்டுத்தான் கேப்பா. நான் பக்கத்து ரூம்ல என் பாட்டுக்கு இருப்பேன். காதுல விழுந்தா நான் என்ன பண்றது? ஒரு தடவை, கடாரத்துப் பக்கமாப் போயிட்டிருக்கோம், கடல் பச்சையா எரியுதும்மா, கப்பல் போன வழியெல்லாம் வெளிச்சம், அப்பாவைக் கூப்பிடு, அப்பாகிட்ட சொல்லணும்னா. நான் கொல்லைப்பக்கம் போயிட்டேன். ஏன்னா அடுத்து என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். ஸ்பீக்கர் சத்தம் அங்க வரைக்கும் வந்துச்சு. அது கண்ணுக்குத் தெரியாத புழு பூச்சியாம், அதுதான் மினுங்குதாம், மாப்பிள்ளை விளக்கம் சொன்னாராம். நீலவல்லி ஏத்தின விளக்கைப் புழுங்கிறான் தம்பி. அவனெல்லாம் ஒரு மனுஷனா?

இப்ப அந்தக் கப்பல் இங்க வந்திருக்கு. ஒரே நாள்தான் நிக்குமாம். அவளால துறைமுகத்தை விட்டு வெளியில வர முடியாதாம், ஆனா பாஸ் வாங்கிக்கிட்டு நாம உள்ள போகலாமாம். மரகதம் முறுக்கு, அதிரசம்னு மூட்டை கட்டிட்டா. துணைக்கு ஆள் வேணுமேன்னு நானும் வந்தேன். வேற ஒண்ணும் இல்ல.

கேட்லயே தலையில ஒரு மஞ்சள் தொப்பியை மாட்டினானுங்க. எத்தனை பேர் வேர்வை குடிச்சதோ, உள்ள பிசுபிசுங்குது. உள்ள போனா எங்க பாத்தாலும் கரித்தூசு. கப்பலைப் பாத்தேன். கப்பலா அது? நாலு மாடிக் கட்டடத்தைப் படுக்க வச்ச மாதிரி ஒரு இரும்புச் சுவர். மேல இருந்து கீழ வரைக்கும் துரு வழியுது. நடுவுல ஒரு ஓட்டை, அதுல இருந்து வெதுவெதுன்னு தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கு. பாய் இல்ல, கொடிமரம் இல்ல. முத்து ஏத்தி வந்திருக்கா, கற்பூரம் ஏத்தி வந்திருக்கா? நிலக்கரி. அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி. அதுல இருந்துதான் சார் கரண்ட் வருதுன்னு ஒரு வாட்ச்மேன் எனக்கு விளக்கம் சொல்றான். என் தலையெழுத்து.

மேல யாரோ ஒரு ஆள் நின்னு கையாட்டுச்சு. ஆரஞ்சுக் கலர்ல சாக்கு மாதிரி ஒரு உடுப்பு, வெயில்ல கருகின மூஞ்சி. யாரோ கூலியாள், வேற யாரையோ பாத்துக் கையாட்டுறான்னு நான் திரும்பிக்கிட்டேன். மரகதம்தான், நம்ம பொண்ணுதாங்க, நம்ம பொண்ணுதாங்கன்னு கத்தினா.

ஏணின்னு ஒண்ணைத் தொங்க விட்டிருக்கானுங்க. கயித்துல கட்டின தகர ஏணி. ஆள் கால் வச்சதும் குலுங்குது. கீழ கரைக்கும் கப்பலுக்கும் நடுவுல கறுப்பா எண்ணெய்த் தண்ணி, அதுல பாட்டில், பாலித்தீன், இன்னும் என்னென்னமோ மிதக்குது. தூ. மரகதம் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, அதிரச டப்பாவைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஏறிட்டா. அறுபது வயசுக்காரி. வெக்கமே இல்ல.

அப்புறம் பொண்ணு இறங்கி என்கிட்ட வந்தா. பின்பக்கம் கரித்தூசு வராதாம். அங்க ஒரு நாற்காலியை அவளே கழுவிக் காய வச்சுப் போட்டிருக்காளாம். அதுல உக்காந்தா துறைமுகம் தாண்டி நடுக்கடல் வரைக்கும் தெரியுமாம். மாப்பிள்ளை மேல டீயோட காத்துக்கிட்டிருக்காராம். நான் ஒரு காலைத் தூக்கி ஏணியில வச்சேன். வைக்கலன்னு யாரும் சொல்ல முடியாது. அது அப்படியே அசைஞ்சுச்சு. அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"பயமா இருந்தா சொல்லுங்கப்பா. நான் பின்னாடியே வர்றேன், விட மாட்டேன்."

பயமா? எனக்கா? அங்க நின்ன கூலியாளுங்க எல்லாம் பாக்குறானுங்க. நான் கையை உதறிட்டேன். இதெல்லாம் ஒரு கப்பலாடின்னு கேட்டேன். இதோ பாருங்க, அவ பிடிச்ச இடம். விரல் விரலாக் கரி. கட்டணக் கழிப்பிடத்துல சோப்பு வாங்கித் தேச்சும் போகல.

அப்புறம் என்ன, பஸ் ஏறிட்டேன். மரகதத்துக்குத் தனியா ஊர் வந்து சேரத் தெரியும்.

என்ன சொல்லிட்டு வந்தீங்கன்னா கேக்குறீங்க? எதையோ சொன்னேன். டீ குடிச்சுட்டு வந்து ஏறுறேன்னேன். கப்பல்லயே டீ இருக்குப்பான்னா. எனக்குக் கடை டீதான் வேணும்னு சொன்னேன். சரிப்பா, நீங்க வாங்க, நான் இங்கேயே நிக்கிறேன், சேந்தே ஏறலாம்னா. கேட் கிட்ட வந்து திரும்பிப் பாத்தேன். ஏணிக்குக் கீழ அப்படியே நிக்கிறா. மேல நிழல்ல போய் உக்காந்தா என்ன? தலைக்கு மேல வெயில், காலுக்குக் கீழ கரி. ஃபோனா? அணைச்சு வச்சிருக்கேன். சாயங்காலம் ஏணியைத் தூக்கிடுவாங்களாம். கப்பல் மறுபடி இந்தப் பக்கம் எப்ப வருமோ, அது அவங்களுக்கே தெரியாதாம்.

ஒரு டீ குடிக்க எவ்வளவு நேரம் ஆகும் தம்பி? படிச்ச பொண்ணு, அவளுக்குத் தெரியாதா? இந்நேரம் மேல போயிருப்பா. போயிருப்பால்ல?